எல்லாம் தெரிந்தவரா, ஒன்றில் கெட்டியா? கேம் ஆர்ட் வேலைக்கு எந்த போர்ட்ஃபோலியோ கைகொடுக்கும்?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இன்ஜினீயரிங்கா, ஆர்ட்ஸ் காலேஜா என்ற பேச்சு எல்லா வீட்டிலும் நடக்கும். சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் இருக்கும் கனகம்மாசத்திரமும் அதற்கு விலக்கில்லை. சமீப காலமாக அந்தப் பேச்சில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 'கேம் ஆர்ட்டிஸ்ட் ஆகப் போறேன்.'

அப்பாவுக்கு அது புரியாது. அம்மாவுக்குப் பயம். பிள்ளைக்கோ வேறு ஒரு குழப்பம். படம் வரையத் தெரியும், பிளெண்டரில் மாடல் செய்யத் தெரியும், கொஞ்சம் அனிமேஷனும் வரும். எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோவில் வைப்பதா, ஒன்றை மட்டும் வைப்பதா?

சின்னக் கேள்விபோலத் தெரியும். ஆனால், கடன் வாங்கி கோர்ஸ் முடித்துவிட்டு, நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி, ஒரு பதிலும் வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பலருக்கு இடிக்கிற இடம் இதுதான். திறமை இருக்கும். அதை அடுக்கி வைத்த விதம்தான் தப்பாக இருக்கும்.

கேம் என்றால் ரம்மி அல்ல

வீட்டில் முதலில் தெளிய வேண்டிய விஷயம் இது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டங்களால் குடும்பங்கள் சிதைந்ததை தமிழ்நாடு நிறையவே பார்த்துவிட்டது. அதனால் 'கேம் கம்பெனி' என்றாலே பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை. இ-ஸ்போர்ட்ஸுக்கும், பொழுதுபோக்கு மற்றும் கல்விக்கான விளையாட்டுகளுக்கும் ஊக்கம்.

கேம் ஆர்ட்டிஸ்ட் என்பவர் விளையாட்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் அத்தனையையும் உருவாக்குபவர். கதாபாத்திரம், அவர் உடுத்தும் உடை, நடக்கும் தெரு, தெருவில் நிற்கும் வண்டி, விழும் வெயில், வெடிக்கும் பட்டாசு, கையில் தட்டும் பட்டன் எல்லாமே யாரோ ஒருவரின் கைவேலை. பெரிய விளையாட்டுகளில் அது நூற்றுக்கணக்கானவர்களின் கைவேலை.

எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்பதில்தான் போர்ட்ஃபோலியோ கேள்விக்கான பதில் ஒளிந்திருக்கிறது.

பெங்களூரு வாசல்: ஒன்றில் கெட்டி

1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூருவில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்று. வெளிநாட்டு ஸ்டூடியோக்கள் உருவாக்கும் பெரிய விளையாட்டுகளுக்கு ஆர்ட் வேலை செய்து கொடுத்தே அது பெயர் வாங்கியது. 'ஃபோர்ஸா' கார் பந்தய விளையாட்டுகளில் ஓடும் கார்கள் பலவும் அங்கே உருவானவை. 2019-ல் 'ஜிடிஏ' விளையாட்டுகளுக்குப் பேர் போன ராக்ஸ்டார் கேம்ஸ், துருவாவை வாங்கியது. 2004-ல் குருகிராமில் தொடங்கிய லக்ஷ்யா டிஜிட்டல் நிறுவனமும் இதே வழியில் வளர்ந்து, 2014-ல் கீவேர்ட்ஸ் ஸ்டூடியோஸ் கைக்குப் போனது.

இப்படிப்பட்ட இடங்களில் ஒரு கார் எப்படி உருவாகிறது? முதலில் நிஜக் காரின் புகைப்படங்களும் அளவுகளும் வரும். அதைப் பார்த்து நுணுக்கமான த்ரீடி மாடல் செய்யப்படும். அது அப்படியே விளையாட்டுக்குள் போனால் கம்ப்யூட்டர் திணறிவிடும். அதனால் பார்வைக்கு அதேபோல் இருக்கும், ஆனால் எடை குறைந்த இன்னொரு மாடல் செய்வார்கள். தையல்காரர் சட்டையைப் பிரித்துத் துணியாக விரிப்பதுபோல, மாடலின் மேற்பரப்பைப் பிரித்துத் தட்டையாக விரிப்பார்கள். இதற்கு யூவி என்று பெயர். அதன்மேல் பெயின்ட், துரு, கீறல், தூசி எல்லாம் ஏறும். பிறகு, கார் தூரத்தில் போகும்போது காட்டுவதற்காக இன்னும் எளிமையான இரண்டு மூன்று வடிவங்கள். கடைசியில் சோதனை.

இந்த வரிசையில் ஆள் எடுப்பவருக்கு, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பவரால் பெரிய பயன் இல்லை. அவர் தேடுவது வாகனம் செய்பவர், முகம் செய்பவர், மரம் - பாறை - கட்டடம் செய்பவர், அசைவு கொடுப்பவர் என்று ஒரு காலி இடத்துக்கான ஒருவரை. வேலை விளம்பரத்திலேயே 'கேரக்டர் ஆர்ட்டிஸ்ட்', 'என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்', 'விஎஃப்எக்ஸ் ஆர்ட்டிஸ்ட்' என்று பதவி தனித்தனியாக இருக்கும்.

கேரக்டர் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் போர்ட்ஃபோலியோவில் இரண்டு முகம், ஒரு வீடு, ஒரு லோகோ, ஒரு கல்யாண பேனர் இருந்தால், பார்ப்பவர் அந்த இரண்டு முகத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார். மற்ற மூன்றும் சும்மா இருப்பதில்லை. 'இவருக்கு எது வேண்டும் என்று இவருக்கே தெரியவில்லை' என்று சொல்லிக் கொடுத்துவிடும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று பெரியவர்கள் சொன்னது இந்த வாசலுக்கு அப்படியே பொருந்தும்.

டொரன்டோ வாசல்: பத்து வேலைக்கு ஒரு கை

இதற்கு நேர் எதிரான உதாரணமும் தமிழர்களிடமே இருக்கிறது. 2023 ஜூலை 31-ல் வெளியான 'வெண்பா', கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்த விளையாட்டு. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கும். விளையாடுபவர் யோசித்து யோசித்து இட்லியும் பிரியாணியும் செய்ய வேண்டும். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதன்மைப் பரிசும் இதற்குக் கிடைத்தன.

இப்படி ஒரு குழுவில் இட்லிப் பானையை வரைய ஒருவர், கண்ணாடி ஜன்னலை வரைய இன்னொருவர் என்று ஆள் போட முடியாது. சமையலறையின் நிறமும், அம்மாவின் முகமும், திரையில் வரும் எழுத்தும் ஒரே கைப்பக்குவத்தில் இருக்க வேண்டும். இங்கே பல வேலை தெரிந்தவருக்குத்தான் மதிப்பு.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த 'ராஜி' இன்னொரு உதாரணம். 2017-ல் மக்களிடம் இணையம் வழியே நிதி திரட்டப் பார்த்து, இலக்கை எட்ட முடியாமல் போன குழு அது. விடாமல் வேலை செய்து 2020-ல் விளையாட்டை வெளியிட்டது. பஹாடி ஓவிய மரபின் சாயலை த்ரீடி உலகத்துக்குள் கொண்டுவந்த அந்த விளையாட்டு, அதே ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 'ஜெனரலிஸ்ட்' என்றால் எல்லாவற்றையும் பாதி தெரிந்தவர் என்று அர்த்தம் இல்லை. ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தனியாக முடித்துக் காட்டுபவர் என்று அர்த்தம். பத்து அரைகுறை வேலைகளை வைத்துக்கொண்டு 'நான் ஜெனரலிஸ்ட்' என்று சொல்வது, முடிவெடுக்காமல் இருந்ததற்கு ஒரு நல்ல பெயர் வைப்பதுதான்.

கோயில் திருப்பணியைப் பாருங்கள்

இந்த வித்தியாசம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிய கம்ப்யூட்டர் வேண்டாம். கோயில் திருப்பணி நடக்கும்போது ஸ்தபதி ஒருவர் முழுக் கணக்கையும் கையில் வைத்திருப்பார். அவருக்குக் கீழே கல் வேலைக்கு ஒருவர், சுதை வேலைக்கு ஒருவர், வண்ணம் தீட்ட ஒருவர். சுதைச் சிற்பியிடம் போய், 'உங்களுக்குக் கருங்கல் உடைக்கத் தெரியுமா?' என்று யாரும் கேட்பதில்லை. அவர் முன்பு செய்த பொம்மையின் கண்ணையும் விரலையும் பார்த்துவிட்டுத்தான் வேலை கொடுப்பார்கள்.

அதே ஊரில் கடைக்கு போர்டு எழுதுபவர் இருப்பார். எழுத்து அவரே, படம் அவரே, லாரிக்குப் பின்னால் மயில் வரைவதும் அவரே. ஊருக்குள் அவர் இல்லாமல் வேலை நடக்காது. இருவரில் யாரும் தாழ்த்தி இல்லை. ஆனால் போர்டு எழுதுபவர் திருப்பணிக்குப் போய் நின்றால் 'எந்த வேலைக்கு வந்தீர்கள்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததுதான் பல போர்ட்ஃபோலியோக்களின் சிக்கல்.

மூன்றாவது வாசல்: கைக்குள் இருக்கும் போன்

இந்தியாவில் பெரும்பாலானவர்கள் விளையாடுவது மொபைலில்தான். 2016-ல் வந்த 'லூடோ கிங்' போல வீட்டுக்கு வீடு புகுந்த விளையாட்டுகளைச் செய்யும் நிறுவனங்களுக்குத் தேவை வேறு மாதிரி. அங்கே டூடி ஆர்ட்டிஸ்ட் ஒருவர் ஐகான், பின்னணி, சின்னச் சின்ன கதாபாத்திரங்கள், பட்டன்கள், தீபாவளி, பொங்கல் சமயத்தில் மாறும் அலங்காரம் என்று பலவும் செய்ய வேண்டியிருக்கும்.

இது இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசல். செய்யும் பொருள் பலவகையாக இருக்கலாம். பாணி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கற்பனை விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு முகப்புத் திரை, இருபது ஐகான், மூன்று கதாபாத்திரம், ஒரு பின்னணி என்று முழுத் தொகுப்பாகச் செய்து வைப்பது இங்கே நன்றாக எடுபடும். அதைக் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. போனில் போட்டு, வெயிலில் நின்று பார்க்க வேண்டும். எழுத்து தெரிகிறதா, கட்டைவிரலுக்குப் பட்டன் எட்டுகிறதா என்பதெல்லாம் இந்த வேலையின் பாகம்.

ஒன்றிலேயே நின்றுவிட்டால்?

அப்படியானால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தால் போதுமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிரான்ஸின் டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் விழுந்தபோது, பெங்களூருவிலும் மும்பையிலும் இருந்த அதன் ஸ்டூடியோக்கள் திடீரென மூடப்பட்டன. அனிமேஷன், விஎஃப்எக்ஸ், கேம் ஆர்ட் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வெளியே வந்தார்கள். அந்தச் சமயத்தில், ஒரே ஒரு நிறுவனத்தின் முறையில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் பல வருடம் செய்தவருக்கு, பக்கத்து வேலையும் கொஞ்சம் தெரிந்தவரைவிட வழி குறைவு.

ஏஐ வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 'நல்லா இருக்கு' என்று சொல்லத்தக்க பொதுவான ஒரு படத்தை மெஷின் நொடியில் கொடுத்துவிடுகிறது. ஸ்டீம் தளத்தில் விளையாட்டை விற்பவர்கள், அதில் ஏஐ-யால் உருவாக்கியவை இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2024-லேயே வந்துவிட்டது. அதனால் ஆள் எடுப்பவர்கள் முடிந்த படத்தோடு நிற்பதில்லை. 'இதை எப்படி யோசித்தீர்கள், எங்கே மாற்றினீர்கள், ஏன்?' என்று கேட்கிறார்கள். முதல் கிறுக்கல் முதல் கடைசி வடிவம் வரை காட்டத் தெரிந்தவருக்குத்தான் பதில் இருக்கும்.

ஆலமரக் கணக்கு

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே திருவாலங்காடு இருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை; காரைக்கால் அம்மையாரோடு பிணைந்த தலம். ஊர்ப் பெயரிலேயே ஆலமரம் இருக்கிறது. ஆலமரம் முதலில் ஒரு அடிமரமாகத்தான் நிமிர்கிறது. விழுது இறங்குவது பிறகு. கேம் ஆர்ட்டில் நிலைப்பதற்கும் இதே வரிசைதான் சரி. முதல் வேலைக்கு ஒரு அடிமரம், நிலைத்து நிற்க விழுதுகள்.

இதை ஒரு வருடக் கணக்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நான்கு மாதம்: ஒரு சின்னப் பொருளை எடுத்து எல்லாக் கட்டத்தையும் கடந்து பார்ப்பது. குத்துவிளக்கோ ஆட்டோவோ போதும். வரைவது, மாடல், யூவி, வண்ணம், வெளிச்சம், கேம் இன்ஜினுக்குள் கொண்டுபோவது என்று அத்தனையும். இது போர்ட்ஃபோலியோவுக்காக அல்ல. தன் கை எங்கே நேரம் போவது தெரியாமல் நிற்கிறது என்று கண்டுபிடிக்க.

அடுத்த ஆறு மாதம்: பிடித்த அந்த ஒன்றில் மட்டும் மூன்று அல்லது நான்கு நல்ல வேலைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமாக இருக்க வேண்டும்.

கடைசி இரண்டு மாதம்: பழையவற்றைத் திருத்துவது, வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டி குறை கேட்பது, விண்ணப்பிப்பது.

இதற்கான மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பிளெண்டரும் கிருதாவும் கொடோவும் முழுக்க இலவசம். அன்ரியல் இன்ஜினும் கற்றுக்கொள்பவர்களுக்கு இலவசம்தான். செலவு கம்ப்யூட்டருக்குத்தான். அதனால் கோர்ஸுக்கு மொத்தப் பணத்தையும் கொட்டும் முன், இருக்கிற லேப்டாப்பில் இந்த முதல் நான்கு மாதத்தை முடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். நான்கு மாதம் பொறுமையாக உட்கார முடியாதவருக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

போர்ட்ஃபோலியோவில் என்ன இருக்க வேண்டும்?

* முதலில் தெரிவது மிகச் சிறந்த வேலையாக இருக்கட்டும். பார்ப்பவர் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு.
* எண்ணிக்கை முக்கியம் இல்லை. பன்னிரண்டில் ஐந்து சுமார் என்றால், அந்த ஐந்தையும் எடுத்துவிடலாம். மிக பலவீனமான வேலையை வைத்துத்தான் எடை போடுவார்கள்.
* முடிந்த படத்தோடு, மாடலின் கம்பி வடிவம், யூவி விரிப்பு, வண்ணத் தாள், பார்த்து வரைந்த புகைப்படங்கள் ஆகியவற்றையும் காட்ட வேண்டும்.
* கேம் இன்ஜினுக்குள் வைத்து எடுத்த காட்சி ஒன்றாவது வேண்டும்.
* குழுவாகச் செய்த வேலையில் தன் பங்கு எது என்று ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் வேலையைத் தன்னுடையதாகக் காட்டுவது இந்தச் சின்ன உலகத்தில் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.
* யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்த டோனட்டும் கோடாரியும் பயிற்சிக்கு நல்லது. போர்ட்ஃபோலியோவுக்கு வேண்டாம். ஆள் எடுப்பவர் அதே டோனட்டை ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்.
* இரண்டு விதமான வேலைக்கு விண்ணப்பிப்பவர் இரண்டு தனித்தனித் தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். பெரிய ஸ்டூடியோவுக்கு ஒன்று, சின்னக் குழுவுக்கு இன்னொன்று. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

வாசலிலேயே இருக்கும் சரக்கு

புதியவர்களின் போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் வேற்றுக்கிரகத் துப்பாக்கிகளும் ஐரோப்பியக் கோட்டைகளும்தான் வரிசை கட்டும். பார்த்துப் பார்த்துச் சலித்தவை அவை. திருத்தணி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் தேவையே இல்லை.

எந்திரங்கள் செய்யப் பிடித்தவர்களுக்கு பொதட்டூர்பேட்டைப் பக்கம் பவர்லூம் தறி இருக்கிறது. ஓடும் நாடா, எண்ணெய்க் கறை, பஞ்சு ஒட்டிய இரும்பு, தேய்ந்து வழவழப்பான மரம் என்று நான்கு விதமான மேற்பரப்பு ஒரே பொருளில் கிடைக்கும். இடங்களைச் செய்யப் பிடித்தவர்களுக்கு, திருத்தணி மலைப்படியில் விடியற்காலை வெளிச்சமும், நெடுஞ்சாலை டீக்கடையின் இரவு பல்பும் இருக்கின்றன. முகம் செய்பவர்களுக்கு ஆடிக் கிருத்திகை அன்று காவடி எடுத்து வருகிறவர்களைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? அனுமதி உள்ள இடத்தில் மட்டும் போட்டோ எடுத்து, மற்றதைப் பார்த்து மனதில் வாங்கி வரைந்தால் போதும்.

'வெண்பா'வை உலகம் திரும்பிப் பார்த்ததில் இட்லிப் பானைக்கும் பங்கு உண்டு. தனக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரி செய்தார்கள், அவ்வளவுதான்.

எல்லைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. சென்னை, பெங்களூரு மட்டுமல்லாமல், ஹைதராபாத்தில் வேலை கிடைத்தாலும் பேச்சுக்குத் தடுமாற மாட்டார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

மத்திய அரசு 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், கேமிங் துறைக்கெனத் தனிக் குழு அறிவித்ததிலிருந்து இந்தத் துறையின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். போன பேட்ச் மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைக் காட்ட முடியுமா? 'நூறு சதவிகிதம் வேலை' என்றால், எந்த நிறுவனத்தில், எந்தப் பதவியில்? ஒரே தவணையில் கட்டாமல் மாதாமாதம் கட்டலாமா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் இருந்து பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

அரசுக் கல்லூரிகளையும் மறந்துவிட வேண்டாம். 1850-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவிய அடிப்படை கிடைக்கும். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கே பட்டப்படிப்பு உண்டு. பட்டம் முடித்தவர்களுக்கு, என்ஐடி-யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

பிள்ளையிடம் 'என்ன சம்பளம் வரும்?' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு ஒரே வரியில் சொல்லு.' 'நான் வண்டி செய்கிறேன்', 'நான் வெளிச்சம் போடுகிறேன்', 'நான் ஒரு சின்ன விளையாட்டுக்கு எல்லாப் படமும் வரைகிறேன்' என்று ஏதாவது ஒன்றை யோசிக்காமல் சொல்லிவிட்டால், போர்ட்ஃபோலியோ தயார் என்று அர்த்தம். 'அது வந்து... நிறைய பண்றேன்ப்பா' என்று இழுத்தால், விண்ணப்பத்தை இன்னும் இரண்டு மாதம் தள்ளிப் போடலாம். தப்பில்லை.